ஒன்பது மில்லிசெகண்ட் ஆறான கதை

அங்க வேண்டாம்மா, இந்த நாற்காலியில உக்காருங்க. அது ஆடும். ஆடினா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா நீங்க ஆடற ஒவ்வொரு தடவையும் நான் அந்தப் பெட்டியைத் திரும்பிப் பாத்துக்கிட்டே இருப்பேன். பதினாலு வருஷப் பழக்கம். பேச்சு கெட்டுப் போயிரும்.

ஆமா, அதேதான். இவ்வளவுதானான்னு தோணுது இல்ல? உங்க ஆபீஸ்ல அதைப் பத்திப் பேசற பேச்சைக் கேட்டா ஒரு பெரிய ஹால், கண்ணாடிக் கதவு, நீல வெளிச்சம்னு நெனச்சிருப்பீங்க. பின் ரூம், ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர் பெட்டி, மேல ஒரு பழைய துண்டு. துண்டு தூசிக்கு.

இல்லம்மா, கோவத்துல எழுதல அந்த மெயிலை. யார் மேல கோவம்? கோட்ல நான் பண்ண மாத்தத்தைத் திரும்ப எடுத்துருங்கன்னு ஒரே வரி. அதுக்கு உங்களை மூணு மணி நேரம் ரயில்ல உக்கார வெச்சு அனுப்பியிருக்காங்க. இருமல்தானே அனுப்பினாரு? இருமல்னா எங்க டீம் லீடு. உங்களுக்கு அவரு பெரிய மனுஷன், எங்களுக்கு இருமல். பேச ஆரம்பிச்சா முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு வரும். க்ஹும். நல்ல முன்னேற்றம். க்ஹும். ரெண்டோட நின்னா நல்லது. மூணாவது வந்தா அன்னைக்கு யாரோ ஒருத்தருக்கு வேலை போச்சுன்னு அர்த்தம். என் மெயிலைப் படிச்சுட்டு எத்தனை இருமினாரு?

மூணா. சரி.

சிரிங்க, பரவாயில்ல. எல்லாரையும் இப்படிப் பேசிக் காட்டுவேன், மிமிக்ரி பண்ணுவேன். நீங்க கேக்கவே வேண்டாம், எனக்கே வாய் சும்மா இருக்காது. இன்னும் பத்து நிமிஷம் பேசினீங்கன்னா உங்களையும் பண்ணிருவேன். இப்பவே ஒண்ணு கெடச்சிருச்சு: ஒவ்வொரு கேள்விக்கும் முன்னாடி பேனா மூடியை ஒரு தடவை திறந்து மூடறீங்க. பாத்தீங்களா, இப்பக் கூட.

வெள்ளிக்கிழமை ரிலீஸ்னு தெரியும்மா. ரிலீஸ் அறிக்கையில முதல் வரியே என்னோடதுன்னும் தெரியும். நீங்கதானே எழுதியிருக்கீங்க? எழுத்துத் தேடல்ல மூணுல ஒரு பங்கு நேரம் மிச்சம்னு. நல்லா எழுதியிருக்கீங்க. பேர் வேற போட்டிருக்கீங்க. அதை எடுத்துருங்க. காரணம் சொல்லாம எடுக்க முடியாது, கமிட்டி ஒத்துக்காது, ஃபார்ம்ல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, அதை நிரப்பாம நீங்க திரும்பிப் போக முடியாது. அதுவும் தெரியும். அந்த ஃபார்மை அடிச்சவங்கள்ல நானும் ஒருத்தன்.

டீ குடிப்பீங்கல்ல? பால் இல்ல. பரவாயில்லையா? சரி.

சார்ஜரா? அந்த டிராயர் இல்லம்மா, அடுத்தது. அது என் ஃபோன். ஆன்லதான் இருக்கு. இல்ல, நான் பயன்படுத்தறதில்ல, வேற ஒண்ணு வாங்கிட்டேன். அது சும்மா சார்ஜ்ல கெடக்கும். மூடிருங்க. ம், அதுக்குக் கீழ பாருங்க. கெடச்சுதா?

அதுவா. ஆமா. அவ போய் அஞ்சு வாரம் ஆச்சு. உங்க ஆபீஸ்லேர்ந்து பூ அனுப்பியிருந்தீங்க, வந்துச்சு. தேங்க்ஸ்மா. சர்க்கரை எத்தனை ஸ்பூன்?

அட, எந்திரிக்காதீங்க. நான் நல்லாத்தான் இருக்கேன். வர்றவங்க எல்லாரும் நான் அழுதாத்தான் உக்காருவேன்னு நிக்கிறாங்க. எனக்கு வரல, என்ன பண்றது. பல்லு புடுங்கறப்ப ஊசி போடுவாங்க பாருங்க, அந்த மாதிரி. கன்னம் இருக்குன்னு தெரியும், தொட்டாத் தெரியாது. பேசலாம், சாப்பிடலாம், டீ போடலாம். பிடிங்க, சூடு.

சரி, காரணம். நேராச் சொல்லிரலாம், ஆனா நீங்க கோட் எழுதறவங்க இல்ல, நாங்க பண்ணதை ஊருக்குச் சொல்றவங்க. அதனால கொஞ்சம் சுத்தித்தான் வரணும். ரயில் எத்தனை மணிக்கு? இருக்கு, நேரம் இருக்கு.

ஸ்டேண்டர்ட் லைப்ரரின்னா உங்களுக்கே தெரியும். ப்ரோக்ராம் எழுதற ஒவ்வொருத்தனும் சுத்தியல், ஆணியிலேர்ந்து புதுசா அடிச்சுக்கிட்டிருக்க வேண்டாம்னு, அந்த மொழியோடயே சேத்துக் குடுக்கற சாமான் பெட்டி. அந்தப் பெட்டியில எனக்கு ஒரே ஒரு சாமான்தான். ஸ்ட்ரிங். அதாவது எழுத்து. பெரிய எழுத்துக் குவியலுக்குள்ள ஒரு சின்ன வார்த்தை இருக்கா, இருந்தா எத்தனாவது இடத்துல இருக்கு, அதைத் தேடிச் சொல்லணும். இல்லன்னா இல்லன்னு சொல்லணும். இதை வேகமாச் சொல்லணும். பதினாலு வருஷமா இதே வேலை.

எங்க வீட்டுக்கு யாராவது வந்தா என் வீட்டுக்காரி அறிமுகம் பண்ணி வெப்பா. இவர் தேடறவர். என்ன தேடறாருன்னு கேப்பாங்க. அது அவருக்கே தெரியாது, ஆனா வேகமாத் தேடுவாரும்பா. முகத்துல ஒரு சிரிப்பு இருக்காது. சொல்லிட்டு நேரா உள்ள போயிருவா. வந்தவங்க என்னைப் பாப்பாங்க, நான் சுவரைப் பாப்பேன்.

அவ டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிக் குடுக்கறவ. இங்கேர்ந்து ரெண்டு தெரு. அவளும் அவ சிநேகிதியும் சேர்ந்து நடத்துறாங்க, ரெண்டே வண்டி. கத்துக்கறவங்களுக்குப் பக்கத்துல உக்காருவா, அவ காலுக்கடியில ஒரு தனி பிரேக் இருக்கும். ஸ்டியரிங் எவனோ ஒருத்தன் கையில. இருபத்திரண்டு வருஷம் அந்த சீட்ல. லாரிக்கு முன்னாடி ஒருத்தன் ரெண்டு கையையும் விட்டுட்டுக் கண்ணை மூடிக்கிட்டானாம். இவ பிரேக்கை மிதிச்சு நிறுத்திட்டு, இப்பக் கண்ணைத் திறங்க, கண்ணாடியைச் சரி பண்ணிக்கோங்க, அடுத்தது லெஃப்ட்ன்னாளாம். எனக்கு மெசேஜ் அனுப்பினா, இன்னிக்கு ஒருத்தன் தியானம் பண்ணான்னு.

ஆமா, மெசேஜ். வாயால பேசறதை விடக் கட்டைவிரலால பேசறது ஜாஸ்தி அவ. ஒரு கிளாஸுக்கும் அடுத்த கிளாஸுக்கும் நடுவுல அஞ்சு நிமிஷம் கெடச்சாப் போதும். ஒருத்தி ரிவர்ஸ்ல போய் ஐஸ் வண்டியைத் தொட்டுட்டா. ஒருத்தருக்கு வலது எது இடது எதுன்னு கையில பேனாவால எழுதி விட்டேன், வேர்வையில ரெண்டும் அழிஞ்சு போச்சு. குழாய் சொட்டுது, பிளம்பரைக் கூப்பிடு. கூப்பிட்டியா. நீ கூப்பிட மாட்ட, நானே கூப்பிட்டுட்டேன். இப்படி. பதினோரு வருஷத்து மெசேஜ், நாலு எம்பி. வெறும் எழுத்து மட்டும் நாலு மெகாபைட், ரெண்டு மூணு தடிப் புத்தகம் அளவு. அது எவ்வளவுன்னு நீங்க எழுதறவங்க, உங்களுக்குத் தெரியும்.

ஏன் சொல்றேன்னா, அதுதான் டேட்டா.

மெதுவா வர்றேன். பெஞ்ச்மார்க்னா என்ன? எனக்கு முன்னாடி இருந்த கோட் எவ்வளவு நேரம் எடுத்துச்சு, என் கோட் எவ்வளவு நேரம் எடுக்குது, ரெண்டையும் அளந்து வெக்கறது. அளக்கறது லேசுன்னு நெனப்பீங்க. இல்ல. மிஷின் ஒரு குழந்தை மாதிரி, பக்கத்துல யார் இருந்தாலும் கவனம் போயிரும். அதனால இண்டர்நெட் நிறுத்துவேன், மத்த ப்ரோக்ராம் எல்லாம் நிறுத்துவேன், ரூம் சூடு மாறாமப் பாத்துக்குவேன். முதல் பத்து ரன்னை அப்படியே குப்பையில போட்டுருவேன், அது மிஷின் சோம்பல் முறிக்கிற நேரம். என் ஃபோனை அணைச்சு அந்த டிராயர்ல வெச்சுருவேன், அது எனக்காக. ஆபீஸ்ல இதெல்லாம் முடியாது, இருமல் ஒருத்தர் போதும். அதான் பெட்டி இங்க வந்துச்சு. அவ கேப்பா, நான் மூச்சு விட்டா உன் நம்பர் மாறுமா? மாறும்னு சொல்லுவேன். அப்ப வாசல்ல நின்னுக்கிட்டு வேணும்னே மூச்சை இழுத்து இழுத்து விடுவா.

இன்னொரு கூத்து இருக்கு. கம்பைலர்னு ஒருத்தன், நாம எழுதற கோடை மிஷினுக்குப் புரியற மாதிரி மாத்திக் குடுக்கறவன். அவன் சரியான கில்லாடி. நீங்க ஒரு தேடலை லட்சம் தடவை ஓட்டச் சொல்லிட்டு, வர்ற பதிலை எதுக்கும் பயன்படுத்தலன்னு வைங்க, அவன் பாப்பான். யாருக்கும் வேண்டாத பதிலுக்கு எதுக்கு இவ்வளவு உழைப்புன்னு வேலையையே தூக்கி எறிஞ்சுருவான். ரன் பண்ணா சைபர் நேரம். ஆகா, உலகத்துலேயே வேகமான கோட்னு புதுசா வர்றவங்க துள்ளுவாங்க. ஒரு வேலையும் நடந்திருக்காது.

அதுக்கு நாங்க என்ன பண்ணுவோம்னா, சும்மா ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு குட்டி ப்ரோக்ராம், வெச்சிருப்போம். பதிலை அதுக்கிட்டக் குடுப்போம். அது வாங்கிக்கும். வாங்கி ஒண்ணும் பண்ணாது. ஆனா வாங்கற மாதிரி நடிக்கிறதுனால கம்பைலர் நம்பிருவான், யாரோ கேக்கறாங்கன்னு. இதை ஒரு நாள் அவகிட்ட சொன்னேன். கேட்டுட்டு, அட, அது நீதானேன்னா.

நான் ம்னேன்.

பாரு, பாரு, இதைத்தான் சொல்றேன்னா.

டீ ஆறுது, குடிங்க.

அந்த ஃபங்ஷன் பதில் சரியா தப்பான்னு பாக்காது. என் பெஞ்ச்மார்க்கும் பாக்காது. எவ்வளவு நேரம் ஆச்சு, அது மட்டும்தான். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

இப்ப டேட்டா. உலகத்துல பாதிப் பேர் இதுக்கு வெறும் ஆ ஆ ஆ ஆன்னு ஒரே எழுத்தை நிரப்பி வெச்சு அளப்பாங்க. இல்லன்னா ஏதோ பழைய இங்கிலீஷ் புத்தகம். நம்ம எழுத்து அப்படி இல்ல. இங்கிலீஷ்ல ஒரு எழுத்துக்கு ஒரு பைட். நமக்கு ஒவ்வொண்ணுக்கும் மூணு பைட், அதுல முதல் பைட் எல்லா எழுத்துக்கும் ஒண்ணு. எல்லாரும் ஒரே சட்டை போட்டுக்கிட்டு வரிசையில நிக்கிற மாதிரி. கடைசி பைட்டைப் பாத்தாத்தான் யார்னு தெரியும். அதனால நிஜமா ஒரு ஆள் எழுதின நிஜமான எழுத்து வேணும், நிறைய வேணும். எங்க போறது? என் கையிலேயே நாலு எம்பி இருந்துச்சு. அவகிட்டக் கேட்டேன். நீதான் படிக்கிறதில்ல, மிஷினாவது படிக்கட்டும்னா.

குட்டியா ஒரு ஸ்க்ரிப்ட் எழுதினேன். அவ மெசேஜ் எல்லாத்தையும் எடுத்து ஒரே ஃபைலாக் கட்டும். புதுசு மேல, பழசு கீழ.

அடுத்தது, எதைத் தேடறது? கஷ்டமான தேடல் எது தெரியுமா? இல்லாததைத் தேடறதுதான். இருந்தா கெடச்ச இடத்துல நின்னுரும். இல்லன்னாத்தான் மேலேர்ந்து அடி வரைக்கும் மொத்தத்தையும் பாத்துட்டு இல்லன்னு சொல்லணும். முழு வேலையும் அளக்கணும்னா அந்த ஃபைல்ல நிச்சயமா இல்லாத வார்த்தை வேணும். அவ ஜென்மத்துல சொல்லாத மூணு விஷயத்தைப் பிடிச்சேன். உக்காந்து யோசிக்கவே இல்ல, ஒரு நிமிஷம் கூட ஆகல.

முதல்ல, நீ சொன்னதுதான் சரி. சிரிக்காதீங்க, உங்க வீட்டுக்காரர்கிட்டக் கேட்டுப் பாருங்க, அவருக்கும் கெடச்சிருக்காது. ரெண்டாவது, சீக்கிரமே கிளம்பிட்டேன். எங்க கல்யாணத்துக்கே நாப்பது நிமிஷம் லேட் அவ. மூணாவது, பயமா இருக்கு.

ஓட்டிப் பாத்தேன். மூணும் இல்லை. பதினோரு வருஷத்துல ஒரு தடவை கூட இல்லை. அவகிட்டக் காட்டினேன். அதுல என்ன ஆச்சரியம்னுட்டுப் போயிட்டா.

இந்த மூணையும் தேடி முடிக்க பழைய கோடுக்கு ஒன்பது மில்லிசெகண்ட். மூணு தேடலுக்கும் சேத்து ஒரே நம்பர். தனித்தனியாப் போடல. போட்டிருக்கணும். ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறவன் நான், தனித்தனியாப் போடு, டேட்டாவை மாறாம உறைய வெய்யுன்னு. போன வருஷம் ஒரு ஆளை இதுக்காக மீட்டிங்ல நிக்க வெச்சுக் கேட்டிருக்கேன். அவரு குரல்லேயே கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க.

என் மாத்தம் ரொம்பச் சின்னது. பழைய கோட் ஒரு பைட்டைப் பாத்து, சந்தேகம் வந்தா நின்னு முழுசா ஒப்பிட்டுப் பாக்கும். நான் ரெண்டு பைட்டை ஒண்ணாப் பாக்கச் சொன்னேன், வீணா நிக்கிறது குறையும்னு. காகிதத்துல கணக்குப் போட்டா மூணுல ஒரு பங்கு மிச்சமாகணும். அரை வருஷம் உக்காந்தேன். ஒன்பது ஒன்பதாவே நின்னுச்சு. எட்டே முக்காலுக்குக் கூட வரல.

அன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. அவளுக்கு ஒரு டெஸ்ட். பெருசா ஒண்ணும் இல்ல, ஒரு குழாய் விட்டு உள்ள பாக்கறது, அரை நாள் வேலை, சாயங்காலம் வீட்டுக்கு வந்துரலாம்னாங்க. நான் வரவான்னு கேட்டேன். வராத, அங்க வந்து டாக்டரை மாதிரியே பேசிக் காட்டுவ, நான் சிரிச்சா அவங்க குழாயை மாத்தி விட்டுருவாங்கன்னா. அவ சொன்னா சொன்னதுதான். பஸ்லதான் போனா. வாசல்ல நின்னு, குளிச்சுட்டு உக்காருன்னா. நான் ம்னேன். பத்து மணிக்கு ஃபோனை அணைச்சு டிராயர்ல வெச்சேன். பழைய கோடை ஒரு தடவை ஓட்டினேன். ஒன்பது. புதுசுல ஒரு வரியை மாத்தி எழுதிட்டு, பதினொன்றரை வாக்குல ஓட்டினேன்.

ஆறு.

நம்பல. மறுபடி ஓட்டினேன். ஆறு. இருபது தடவை ஓட்டினேன், ஆறு, ஆறு, ஆறு. காகிதத்துல போட்ட அதே கணக்கு, புள்ளி பிசகாம. எந்திரிச்சு இந்த ரூம்ல ரெண்டு சுத்து நடந்தேன். கால் சத்தத்துல நம்பர் மாறும்னு சொல்றவன், நல்லா மிதிச்சு நடந்தேன். இருமலுக்கு மெயில் போட்டேன். அஞ்சு நிமிஷத்துல பதில். ஒரே ஒரு வார்த்தை, அருமைன்னு. எழுத்துலேயே இருமாம அனுப்பியிருந்தாரு. மத்தவங்க அவங்க டேட்டாவுல ஓட்டிப் பாத்து, எங்களுக்கு ஒரு சதவீதம்தான் வருதுன்னாங்க. அப்புறம் அவங்களே, உங்க எழுத்து வேற, அதுக்குத்தான் பலன் போலன்னாங்க. எப்பவும் எங்க பெட்டி சொன்னா சொன்னதுதான்.

மத்தியானம் வரைக்கும் அப்படியே இருந்தேன். குளிச்சேன். சாப்பிட்டேன். அவ வந்தா எப்படிச் சொல்லணும்னு ஒத்திகை பாத்தேன். முதல்ல முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு, இன்னிக்கும் ஒன்பதுதான்னு சொல்லி, அவ செருப்பைக் கழட்டி முடிக்கிற வரைக்கும் காத்திருந்து, அப்புறம் ஆறுங்கணும். அந்த இடைவெளி முக்கியம். கண்ணாடி முன்னாடி நின்னு நாலு தடவை பண்ணிப் பாத்தேன்.

ரெண்டரை மணிக்கு வாசல்ல ஹாரன். அவ சிநேகிதி, ஸ்கூல் வண்டியிலேயே வந்துட்டா. ஆஸ்பத்திரியில என் நம்பருக்கு எட்டுத் தடவை அடிச்சுட்டு, ரெண்டாவதாக் குடுத்திருந்த இந்த சிநேகிதி நம்பருக்கு அடிச்சிருக்காங்க. மயக்க மருந்து குடுத்திருக்காங்க, அதுலேர்ந்து எந்திரிக்கல. லட்சத்துல ஒருத்தருக்கு இப்படி ஆகும், யார் தப்பும் இல்லைன்னாங்க. எனக்கும் அப்படித்தான் தோணுது. யார் தப்பும் இல்ல.

வண்டியில ஏறினேன். சிநேகிதி ஓட்டினா, நான் பக்கத்து சீட்ல. இருபத்திரண்டு வருஷம் என் வீட்டுக்காரி உக்காந்த சீட். காலுக்கடியில அந்த பிரேக் இருக்குன்னு எனக்கு ஞாபகம் இல்ல. ரெண்டு தடவை மிதிச்சுட்டேன். நடு ரோட்டுல வண்டி நின்னு நின்னு போச்சு. பின்னாடி வந்தவன் கத்தினான். மூணாவது தடவை சிநேகிதி ஒரு கையால என் முட்டியைப் பிடிச்சுக்கிட்டே ஓட்டினா.

இல்லம்மா, தண்ணி வேண்டாம். நீங்க குடிங்க.

அப்புறம் வேற ஃபோன் வாங்கினேன். பழசுல அவ பேர் மேல சின்ன வட்டத்துக்குள்ள ஒண்ணுன்னு இருக்கு. படிக்காதது ஒண்ணு. அன்னைக்கு அனுப்பினது. கிளம்பறப்ப குழாயை இறுக்கி மூடுன்னு இருக்கும், இல்லன்னா பால் வாங்கி வெய்யின்னு இருக்கும். அதைத் திறந்தா வட்டம் போயிரும். அதனால திறக்கல. சார்ஜ் மட்டும் போட்டு வெச்சிருக்கேன். அவ்வளவுதான் அதுல.

போன சனிக்கிழமை உங்க ஆளுங்க ஒரு கிராஃப் படம் கேட்டாங்க. இருமல் மேடையில காட்டறதுக்கு, பழசு ஒரு கம்பம், புதுசு ஒரு கம்பம். அஞ்சு வாரம் கழிச்சு அன்னைக்குத்தான் பெட்டியில கை வெச்சேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஓட்டினேன். புதுசு ஆறு.

பழசும் ஆறு.

ஆமாம்மா. நான் தொடாத கோட். ஒன்பது குடுத்துக்கிட்டிருந்த கோட். அதுவும் ஆறு.

மிஷின் கெட்டுப் போச்சோன்னு பாத்தேன், இல்ல. கம்பைலர் வேலையைக் காட்டிட்டானோன்னு பாத்தேன், அதுவும் இல்ல. கடைசியில என்னைக்கும் பண்ணாத ஒரு காரியத்தைப் பண்ணேன். பதிலைப் பாத்தேன். மூணு தேடலுக்கும் என்ன பதில் வருதுன்னு திரையில எழுதச் சொன்னேன். நீ சொன்னதுதான் சரி, இல்லை. சீக்கிரமே கிளம்பிட்டேன், இல்லை.

மூணாவதுக்கு இல்லைன்னு வரல. தொண்ணூறுன்னு வந்துச்சு.

ஸ்க்ரிப்டை நான் நிறுத்தவே இல்லம்மா. இண்டர்நெட்டை நிறுத்துவேன்னு சொன்னேனே, அன்னைக்கு அதையும் மறந்துட்டேன். அது பாட்டுக்கு மணிக்கு ஒரு தடவை போய்ப் பாத்து, புதுசா வந்ததை எடுத்து மேல வெச்சிருக்கு. அவ மெசேஜ் பதினொண்ணு இருபதுக்கு வந்திருக்கு. பதினொன்றரைக்கு நான் ஓட்டியிருக்கேன். மூணாவது தேடல் அடி வரைக்கும் போகவே இல்ல, வாசல்லயே நின்னுருச்சு. மூணுல ஒரு பங்கு வேலை மிச்சம். அதைத்தான் நான் சுத்திச் சுத்தி நடந்து கொண்டாடினேன். என் கோட் ஒண்ணுமே பண்ணல.

இல்ல, படிக்கல. ஃபைலையும் திறக்கல, ஃபோனையும் திறக்கல. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். தொண்ணூறாவது பைட்லேர்ந்து பயமா இருக்குன்னு எழுதியிருக்கா. அதுக்கு முன்னாடி தொண்ணூறு பைட் இருக்கு. ஒரு எழுத்துக்கு மூணு, கிட்டத்தட்ட முப்பது எழுத்து. அந்த முப்பது எழுத்துல என்ன சொன்னான்னு தெரியாது. அதுக்கப்புறம் என்ன சொன்னான்னும் தெரியாது. வான்னு சொல்லியிருக்கலாம். குழாயை மூடுன்னும் சொல்லியிருக்கலாம், அவ அப்படித்தான், ரெண்டையும் ஒரே வரியில எழுதுவா.

தெரியும்மா. எடுக்கலன்னா ஒண்ணும் கெடாது. கோட் தப்பு இல்ல, யார் மிஷினும் நிக்காது, ஒரு சதவீதம் வேகம் கூடக் கெடைக்கும். யாருக்கும் தெரியவே போறதில்ல. இருமல் மேடையில ரெண்டு கம்பத்தையும் காட்டி, க்ஹும், பாருங்க எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு சொல்லுவாரு, எல்லாரும் கை தட்டுவாங்க. அதுக்குத்தான் எடுக்கச் சொல்றேன். அதுக்குக் கை தட்டக் கூடாது.

அவளையா? இல்லம்மா, அவளைப் பண்ண வராது எனக்கு. நிறைய தடவை முயற்சி பண்ணியிருக்கேன். நான் அவளைப் பண்ண ஆரம்பிச்சா, நான் அவளைப் பண்றதை அவ உடனே பண்ணுவா. என்னை விட நல்லா இருக்கும். நிறுத்திருவேன்.

சரி, ஃபார்மை எடுங்க. நேரம் ஆகுது உங்களுக்கு. பேனா மூடியை ஒரு தடவை திறந்தாப் போதும். காரணம்ங்கற கட்டம். அளவு தப்புன்னு போட்டா எப்படித் தப்புன்னு கேட்டு இன்னொரு ஆளை ரயில்ல அனுப்புவாங்க. இப்படிப் போடுங்க. டேட்டாவுல இல்லைன்னு நெனச்சுத் தேடின வார்த்தை, இருந்துச்சு.

அவ்வளவுதான். இடம் பத்துதா பாருங்க.